கலவறைச் சாவி

முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை நம் கணினியில் ஓடவிடுவது வல்லுநர்கள் மட்டும் செய்கிற துணிச்சலான காரியம் என்று தோன்றலாம். உண்மையில் கைபேசி வைத்திருக்கிற எல்லோரும் நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி ஒருவர் செய்திப் பக்கத்தைத் திறக்கிறார். அந்தப் பக்கத்தோடு யார் யாரோ எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் அவர் கைக்குள் இறங்கி ஓடுகின்றன. அவை அவருடைய புகைப்படங்களைப் புரட்டிப் பார்ப்பதில்லை, வங்கிச் செயலிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. எழுதியவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்பதால் இல்லை. அங்கே போக அவற்றுக்கு வழியே கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்த வித்தைக்குத் துறைக்குள் வழங்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'நம்பத்தகாத நிரலைப் பாதுகாப்பாக ஓட்டுதல்' என்று வரும். அந்த 'நம்பத்தகாத' என்ற சொல்லோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. நிரலைப் பற்றிச் சொல்லப்பட்ட அந்தச் சொல், கொஞ்சம் அசந்தால் நிரலை எழுதிய ஆளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஏறி உட்கார்ந்ததை நான் நேரில் பார்த்தேன்.

நாகர்கோவிலில் உட்கார்ந்து சிறு நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மென்பொருள் வேலை செய்துகொடுப்பது என் பிழைப்பு. குமரி மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றிலிருந்து ஒருநாள் கூப்பிட்டார்கள். அங்கே பைத்தான் ஆய்வகத் தேர்வைத் திருத்த ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர் யாரோ செய்து கொடுத்தது. மாணவன் நிரலை எழுதி அனுப்பினால் அது சர்வரில் ஓடும். வருகிற விடையைச் சரியான விடையோடு ஒப்பிட்டு மார்க் போடும். ஒரு மாணவனின் ஆறாவது விடை நாலே வரி. கேள்விக்கும் அந்த நாலு வரிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் முழு மார்க்.

"பயல் ஹேக் பண்ணியிருக்கான் சார். நீங்க டெக்னிக்கலா ஒரு ரிப்போர்ட் எழுதித் தந்தா போதும், மிச்சத்த கமிட்டி பாத்துக்கும்" என்றார் அழைத்தவர்.

நிரலைப் பார்த்தேன். அழகான வேலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை விளக்க வேண்டுமென்றால் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் எளிது.

நாஞ்சில் நாட்டில் புது முகம் ஒன்றைப் பார்த்தால் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மக்கா, நீ யாருக்க மவன்?" பதில் சொன்னால் அடுத்து, "உனக்க தாத்தா பேரு என்ன?" அதற்கும் பதில் வந்தால், "அப்போ தாழக்குடியில உனக்கு ஒரு அத்தை உண்டுமே." நாலு கேள்வியில் ஆரல்வாய்மொழியிலிருந்து குளச்சல் வரைக்கும் சொந்தம் விரிந்துவிடும். பைத்தானும் அப்படிப்பட்ட மொழிதான். அதில் எந்தப் பொருளிடமும் 'நீ எந்த இனம்' என்று கேட்கலாம். ஒன்றுமே இல்லாத வெற்று டூப்பிளிடம் கேட்டாலும் பதில் வரும். அந்த இனத்திடம் 'உன் மூதாதை யார்' என்று கேட்கலாம். எல்லாப் பொருள்களுக்கும் ஒரே மூதாதை. அந்த மூதாதையிடம் 'உன் வம்சம் முழுவதையும் சொல்லு' என்றால், அந்த நேரத்தில் நினைவகத்தில் இருக்கும் இனங்கள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் ஏதாவது ஒன்றின் செயற்கூறு, தான் பிறந்த கோப்பின் பொது மாறிகளைக் கையோடு வைத்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் முழுக் கணினியும்.

திருத்தும் மென்பொருளைச் செய்தவர்கள் கவனமில்லாதவர்கள் இல்லை. இம்போர்ட் கூடாது, ஓபன் கூடாது, எக்ஸெக் கூடாது என்று ஆபத்தான சொற்களை எல்லாம் பட்டியல் போட்டுத் தடுத்திருந்தார்கள். பையனின் நாலு வரியில் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு சொல்கூட இல்லை. வெற்று அடைப்புக்குறி ஒன்றில் தொடங்கி, வம்சம் விசாரித்தபடியே போய், திருத்தும் நிரலின் நினைவகத்தில் இருந்த விடைப் பட்டியலை எடுத்து அச்சிட்டிருந்தான்.

அவனைப் பார்க்க வேண்டும் என்றேன். கூட்டி வந்தார்கள். கடற்கரை ஊர்க்காரன். எப்படி இது தோன்றியது என்று கேட்டதற்கு, "எல்லா வாசலையும் அடச்சி வச்சிருந்தாவ சார். அப்போ செவரு என்னத்துல கெட்டியிருக்குன்னு பாத்தேன்" என்றான்.

"இரட்டை அண்டர்ஸ்கோர் வச்ச சொல்லை எல்லாம் தடுத்துட்டா?"

"ஜெனரேட்டர் ஒண்ணு எழுதினா அதுக்க ஃப்ரேம் கிடைக்கும். அதுலருந்து பின்னால ஒரு படி போனா அத ஓட்டுகவனுக்க ஃப்ரேம். அதுல ஒரு அண்டர்ஸ்கோர்தான் சார்."

சரியாகச் சொன்னான். இது அந்த வெளியூர் மென்பொருளுக்கு மட்டும் நேர்ந்த கதியும் இல்லை. பைத்தானுக்குள்ளேயே பைத்தானைக் கட்டிப்போட ரெக்ஸெக் என்றொரு தொகுதி முன்பு இருந்தது. ஓட்டைகளை அடைத்து மாளாமல் 2003இல் பைத்தான் 2.3 வந்தபோது அதை முடக்கிவிட்டார்கள். பைத்தானின் மையக் குழுவைச் சேர்ந்த விக்டர் ஸ்டின்னர் பைசேண்ட்பாக்ஸ் என்று ஒன்றைச் சில ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டினார். கட்டுமானமே தவறு, இந்த வழியில் இது ஆகாது என்று 2013இல் அவரே அறிவித்து நிறுத்தினார். ஜாவாஸ்கிரிப்டை நோடுக்குள் அடைத்து ஓட்டப் பலரும் நம்பியிருந்த விஎம்2 நூலகம், தப்பிக்கும் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்ததால் 2023இல் கைவிடப்பட்டது. ஜாவாவின் செக்யூரிட்டி மேனேஜர் 1990களில் ஆப்லெட்டுகளுக்குக் காவல் நின்றது. 2021இல் அதற்கு ஓய்வு அறிவித்தார்கள், 2025இல் நிரந்தரமாக முடக்கினார்கள். இவற்றைக் கட்டியவர்கள் எல்லோரும் நல்ல மூளைக்காரர்கள். முதலில் எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பார்ப்பது எத்தனை கடினம் என்பதற்கு இத்தனை சாட்சிகள்.

வேறு வழி ஒன்று உண்டு. அதையும் நம் ஊர்க் கல்யாண வீட்டில் வைத்துச் சொல்லலாம்.

மண்டபங்கள் பெருகுவதற்கு முன்னால் கல்யாணம் வீட்டிலேதான். முற்றத்தில் பந்தல், பின்னால் ஆக்குப்புரை. சமையலுக்கு வெளியூரிலிருந்து தவசிப்பிள்ளைகள் வருவார்கள். வீட்டுக்காரருக்குத் தலைமைத் தவசிப்பிள்ளையைத் தெரிந்திருக்கலாம், கூட வருகிற பத்துப் பேரைத் தெரியாது. மளிகை, நெய், தேங்காய், பழக்குலை எல்லாம் கலவறையில் இருக்கும். கலவறைக்குப் பொறுப்பாகக் குடும்பத்தில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ நோட்டோடு உட்கார்ந்திருப்பார். "பருப்பு அஞ்சு கிலோ" என்று ஆள் வரும். அளந்து கொடுத்துக் குறித்துக்கொள்வார். சமையல்காரர் யாரும் கலவறைக்குள் கால்வைப்பதில்லை. அதில் யாருக்கும் மனவருத்தமும் இல்லை. கல்யாணம் முடிந்து அரை டின் நெய் குறைந்தால், தவசிப்பிள்ளையின் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். நோட்டைத்தான் பார்ப்பார்கள்.

நிரலுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு செய்யலாம். உள்ளே வருகிற நிரலுக்குத் தொடக்கத்தில் கையில் ஒன்றுமே இருக்காது. வேலைக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கொடுப்போம். லுவா என்ற சிறு மொழியில் ஒரு நிரலுக்கு எந்தெந்தப் பெயர்கள் தெரியலாம் என்பதை ஓட்டுகிறவர் ஒரு அட்டவணையாகக் கொடுத்துவிடலாம். அட்டவணையில் கோப்பு திறக்கும் சொல் இல்லையென்றால் அந்த நிரலின் உலகத்தில் கோப்பு என்ற பொருளே கிடையாது. 2017இல் முக்கியமான உலாவிகள் எல்லாவற்றிலும் வந்து சேர்ந்த வெப்அசெம்ப்ளியும் இந்த வழிதான். வெளியிலிருந்து கொடுத்த செயற்கூறுகள் தவிர வேறெதையும் அதனால் அழைக்க முடியாது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் எழுத்து வருவது, அந்தச் சொல்லுக்கு இயக்கி பொருள் கொடுத்திருப்பதால்தான். பொருள் கொடுக்காத சொல்லை எத்தனை முறை எழுதினாலும் அது வெறும் சத்தம்.

தமிழ்நாட்டிலேயே பெரிய அளவில் நடக்கிற உதாரணம் ஜோஹோவின் டெலூஜ் மொழி. சென்னையிலும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் இருக்கிற அந்த நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் தங்கள் தொழிலுக்கு வேண்டிய சிறு நிரல்களைத் தாங்களே எழுதிக்கொள்ள அதைக் கொடுத்தது. யாரோ ஒரு கடைக்காரர் எழுதுகிற நிரல் ஜோஹோவின் சர்வரில், மற்ற ஆயிரம் கடைக்காரர்களின் கணக்குகள் இருக்கிற இடத்தில் ஓடும். அதனால் சர்வரின் கோப்புகளைத் தொடும் சொல் அந்த மொழியில் இல்லை. பல ஆண்டுகள் அதில் வைல் சுழலும் இல்லை. ஒரு பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இதைச் செய் என்று சொல்லலாம், இது உண்மையாக இருக்கும்வரை சுற்று என்று சொல்ல முடியாது. பட்டியல் என்றைக்காவது முடியும், நிபந்தனை முடியாமலே போகலாம். ஒரு நிரல் நிற்குமா நிற்காதா என்பதை எல்லா நிரல்களுக்கும் முன்கூட்டிச் சொல்லும் பொது வழி கிடையாது என்று ஆலன் டூரிங் 1936இலேயே நிறுவிவிட்டார். சொல்ல முடியாததால், அளந்து கொடுக்கிறோம். இத்தனை கூற்றுகள் ஓடலாம், வெளி முகவரிகளை இத்தனை முறை அழைக்கலாம், அதற்கு மேல் கலவறை மூடப்படும். டெலூஜில் எழுதுகிறவர்கள் இந்த வரம்புகளைத் திட்டுவதும் உண்டு. ஆனால் அந்த வரம்பு இருப்பதால்தான், எழுதுகிறவர் யார், படித்தவரா, நல்லவரா என்று கேட்காமல் எல்லோரையும் உள்ளே விட முடிகிறது.

கமிட்டி கூடிய அன்று நான் ரிப்போர்ட்டோடு போயிருந்தேன். பேச்சு நிரலைப் பற்றி அதிக நேரம் இருக்கவில்லை. பையனின் வருகைப் பதிவு வந்தது. முதலாண்டில் ஏதோ வாய்த்தகராறு செய்தது வந்தது. அப்புறம் ஒருவர் மெதுவாக, "கடப்புறத்துப் பயலாக்கும். நாம பாத்துத்தான் இருக்கணும்" என்றார். அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

யாருக்க மவன் என்று கேட்பது பாசத்தில் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை வைத்து வழிவிடுவதும் வழிமறிப்பதும் இந்த மண்ணில் நெடுங்காலம் நடந்திருக்கிறது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூரின் ஆலய நுழைவு அறிவிப்பு 1936 நவம்பரில்தான் வந்தது. ஒழுங்கான கதவும் நோட்டும் வைக்காத இடத்தில், பொருள் குறைந்தால் ஆளைத்தான் தேடுவார்கள். ஏற்கெனவே யார் மேல் சந்தேகமோ அவன்தான் அகப்படுவான்.

நான் அவனிடம் கேட்ட இன்னொரு கேள்வியையும் அதற்கு அவன் சொன்ன பதிலையும் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காக விடை எழுதியவன் ஆறாவதற்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தான்?

"என் விடை சரியாக்கும் சார். மெஷின் தப்புன்னே சொல்லிட்டு இருந்திச்சு. கேட்டா, கம்ப்யூட்டர் தப்பு சொல்லுமான்னு கேக்காவ. அது என்னத்த வச்சிருக்குன்னு பாக்கணும்னு தோணிச்சு."

பார்த்திருக்கிறான். கேள்வி, சராசரி மார்க்கை முழு எண்ணாக்கச் சொல்கிறது; அரை வந்தால் மேலே ஏற்று என்று தெளிவாகவே இருக்கிறது. இரண்டரை என்றால் மூன்று. விடைப் பட்டியலைத் தயாரித்தவர் பைத்தானின் ரவுண்ட் செயற்கூற்றை ஓட்டி எடுத்திருக்கிறார். பைத்தான் 3இல் சரிபாதி வந்தால் அது அருகிலிருக்கும் இரட்டை எண்ணுக்குப் போகும்; இரண்டரைக்கு இரண்டு என்றுதான் சொல்லும். அது பிழை இல்லை, தெரிந்தே வைத்த விதி. ஆனால் கேள்வி கேட்டது அந்த விதியை இல்லை. கேள்வியில் சொன்னபடி எழுதியவனுக்குப் பூஜ்யம்.

இந்த இடத்தில்தான் 'நம்பத்தகாத' என்ற சொல்லின் மறுபாதி எனக்குப் புரிந்தது. சர்வர் மாணவனின் நிரலை நம்பவில்லை, சரி. மாணவன் சர்வரை எதற்காக நம்ப வேண்டும்? மைக்கேல் ஷ்ரோடர் 1972இல் எம்.ஐ.டி.யில் எழுதிய ஆய்வேட்டின் பொருளே, ஒன்றையொன்று சந்தேகிக்கும் இரு நிரல்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பதுதான். சந்தேகம் இரண்டு பக்கமும் உண்டு என்று அப்போதே ஒப்புக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார்கள். கலவறை நோட்டும் அப்படித்தான். அது வீட்டுக்காரரின் நெய்யைக் காப்பாற்றுகிறது, சமையல்காரரின் பெயரையும் காப்பாற்றுகிறது. கல்லூரியில் இருந்தது ஒரு பக்கத்துக்கு மட்டும் பூட்டுப் போட்ட ஏற்பாடு.

கமிட்டியில் நான் உதயகிரிக் கோட்டையைப் பற்றிச் சொன்னேன். கேட்டவர்களில் பாதிப்பேர் அதன் வாசல் வழியாகத்தான் தினமும் தக்கலைக்குப் போய்வருகிறவர்கள். 1741இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனி மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்ட டச்சுக்காரர்களில் ஒருவர் டி லனாய். எதிரிப் படையிலிருந்து வந்தவர், வேறு மதம், வேறு மொழி. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நம்பத்தகாதவர். அவருக்கு வேலை கொடுத்தார்கள். வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தரும் பொறுப்பு வந்தது. கோட்டை கட்டும் வேலை வந்தது, பீரங்கி வார்க்கும் பட்டறை வந்தது. வேலை நன்றாக நடக்க நடக்கப் பொறுப்பும் கூடிக் கடைசியில் திருவிதாங்கூர்ப் படைக்கே வலிய கப்பித்தான் ஆனார். 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிற அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. முதல் நாளே படையைத் தூக்கி அவர் கையில் கொடுத்திருந்தால் அது மடத்தனம். பிடிபட்ட அன்றே தலையை எடுத்திருந்தால் அந்தப் படை உருவாகியிருக்காது. நம்பிக்கை முதலில் வந்து அதன்பின் வேலை கொடுக்கப்படவில்லை. அளந்து கொடுத்த வேலையில் இருந்துதான் நம்பிக்கை வந்தது.

"அதுக்குன்னு இவனத் தூக்கி ஜெனரல் ஆக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பிறகு பேச்சு கொஞ்சம் இளகியது. பையன் செய்தது தேர்வு விதிக்கு மாறானது என்பதால் அந்தக் கேள்விக்கான முழு மார்க்கை ரத்து செய்தார்கள். முன்பு எழுதிய விடையை எடுத்துக் கையால் திருத்தினார்கள். விடைப் பட்டியலைச் சரிசெய்து மற்ற மாணவர்களுக்கும் மறுபடி மார்க் போட்டார்கள். சஸ்பெண்ட் என்ற பேச்சு அத்தோடு நின்றது. கடப்புறம் என்று சொன்னவர் அதைத் திரும்பப் பெறவில்லை. திரும்பச் சொல்லவும் இல்லை.

புது ஏற்பாட்டை அமைக்கும் வேலை எனக்கு வந்தது. பைத்தானைப் பைத்தானுக்குள் கட்டிப்போடும் ஆசையை விட்டுவிட்டோம். ஒவ்வொரு நிரலுக்கும் தனியறை. இணையம் கிடையாது, இரண்டு நொடி நேரம், கொஞ்சம் நினைவகம். லினக்ஸின் கருவில் 2005இல் சேர்ந்த செக்காம்ப் என்ற வசதியின் முதல் வடிவம் ஒரு நிரலுக்கு நாலே அழைப்புகளைத்தான் அனுமதித்தது: படி, எழுது, வெளியேறு, சமிக்ஞையிலிருந்து திரும்பு. பைத்தான் ஓட அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான் கொடுத்தோம். முக்கியமான மாற்றம் இதைவிட எளியது. விடைப் பட்டியலை அந்த அறைக்குள் வைக்கவே இல்லை. கேள்வியின் உள்ளீடு மட்டும் உள்ளே போகும், நிரலின் விடை வெளியே வரும், ஒப்பிடுவது வெளியே. பரீட்சை ஹாலில் விடைத்தாளைப் பூட்டி வைப்பதை விட, அங்கே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

இதற்கு மேலும் கசிவு உண்டு. கைதாக வைத்த நிரலும் வேகமாகவோ மெதுவாகவோ ஓடிக்காட்டியே வெளியே செய்தி சொல்லலாம் என்று பட்லர் லாம்ப்சன் 1973இல் எழுதினார். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் வெளிவந்தபோது, செயலியின் வேக வித்தையே அப்படி ஒரு கசிவு என்று தெரிந்து, உலாவிகள் தங்கள் கடிகாரத்தின் துல்லியத்தையே குறைத்துக்கொண்டன. முழுக்க அடைத்த அறை என்று ஒன்று இல்லை. ஆய்வகத் தேர்வுக்கு அந்த அளவு கவலை வேண்டியதில்லை என்று முடிவு செய்தோம்.

இப்போது மாணவர்கள் அனுப்பும் நிரல்களில் ஏ.ஐ. எழுதிக் கொடுத்தவையும் வருகின்றன. கம்பெனிகளிலும் அதே கதைதான். அந்த நிரலைப் பிடித்து நீ யாருக்க மவன் என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை. எழுதியவரை வைத்து நிரலை எடைபோடும் பழக்கத்துக்கு இனி வேலை குறைவு. என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்று நோட்டு வைத்திருக்கிறவர்களால்தான் சமாளிக்க முடியும்.

புது ஏற்பாட்டைச் சோதிக்க அந்தப் பையனையே மாலை நேரங்களில் வரச் சொன்னேன். மூன்று வாரம் முட்டிப் பார்த்தான். இரண்டு ஓட்டைகள் சொன்னான், அடைத்தோம். பிறகு தானாகவே ஒரு வசதி கேட்டான். தேர்வு முடிந்தபின், தவறு என்று போட்ட ஒவ்வொரு விடைக்கும் என்ன உள்ளீடு, என்ன எதிர்பார்த்தது, என்ன வந்தது என்று மூன்று வரி மாணவனுக்குக் காட்ட வேண்டும். பக்கத்தில் 'எனக்கு ஒப்பவில்லை' என்று ஒரு பொத்தான் வேண்டும். அதைச் சேர்த்தோம். அடுத்த தேர்வில் அந்தப் பொத்தானை இரண்டு பேர் அழுத்தினார்கள். அதில் ஒருவர் சொன்னது சரியாக இருந்தது.